ஆஃப்-ரோடு வண்டிக்குத் துணை ஃபியூஸ் பாக்ஸ்: பேட்டரியிலிருந்து கடைசி விளக்கு வரை முழு வழிகாட்டி

தாரோ ஜிம்னியோ குர்காவோ வாங்கி ஓராண்டு கழித்து பானட்டைத் திறந்து பாருங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் நான்கைந்து ஒயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருக்கும். முன்பக்க விளக்குக்கு ஒன்று, டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸருக்கு ஒன்று, பின்பக்க ஃபிரிட்ஜுக்கு ஒன்று, ஹாரனுக்கு ஒன்று. புதிதாக ஒரு பொருள் வாங்கியபோதெல்லாம் ஓர் ஒயர் கூடியிருக்கும். சிலவற்றில் ஃபியூஸ் இருக்கும், சிலவற்றில் இருக்காது. இருக்கிற ஃபியூஸும் எந்த மூலையில் தொங்குகிறது என்பது பொருத்திய எலெக்ட்ரீஷியனுக்கு மட்டுமே தெரியும். ஜவ்வாது மலையில் இரவு பத்து மணிக்கு விளக்கு அணைந்தால் அவரைத் தேடிப் போக முடியாது.

இதற்கு மாற்று எளிமையானது. பேட்டரியிலிருந்து ஒரே ஒரு தடித்த கேபிள். அது கிளம்பும் இடத்திலேயே ஒரு மெயின் ஃபியூஸ். அங்கிருந்து ஒரு துணை ஃபியூஸ் பாக்ஸ். மிக அதிக மின்சாரம் இழுக்கும் இரண்டைத் தவிர, நீங்கள் சேர்க்கும் எல்லாக் கருவிகளும் அந்தப் பெட்டியிலிருந்துதான் மின்சாரம் எடுக்க வேண்டும். கம்பெனி ஒயரிங்கில் ஓரிடத்திலும் கத்தி படக்கூடாது. கம்பெனி ஒயரைச் சீவி இணைத்தால், பின்னாளில் அந்தப் பகுதியில் எந்தக் கோளாறு வந்தாலும் வாரண்டி கேட்கப் போகும்போது முதலில் சுட்டிக்காட்டப்படுவது அந்த இணைப்பாகத்தான் இருக்கும்.

வேலை கடினமானதல்ல. மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தவர் பொறுமையாக ஒரு வாரக்கடைசியில் முடித்துவிடலாம். ஆனால் 12 வோல்ட்தானே என்ற அலட்சியம் கூடாது. 12 வோல்ட் உங்களுக்கு ஷாக் அடிக்காது என்பது உண்மை. ஆனால் கார் பேட்டரி ஷார்ட் ஆனால் பல நூறு ஆம்பியரைக் கொட்டும். ஒயரின் இன்சுலேஷன் சில நொடிகளில் தீப்பிடிக்க அது போதும்.

முதலில் ஒரு காகிதம்

கடைக்குப் போகும் முன், என்னென்ன பொருத்தப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் வாட் எவ்வளவு என்று பார்த்து 12-ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். உதாரணமாக இப்படி ஒரு பட்டியல் வரலாம்: 60 வாட் ஃபிரிட்ஜ் 5 ஆம்பியர், 40 வாட் எல்இடி விளக்கு இரண்டு, சேர்த்து 7 ஆம்பியர், 65 வாட் யுஎஸ்பி சார்ஜர் 6 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு, முகாம் விளக்கு 1 ஆம்பியர், பின்னால் ஒரு பொது சாக்கெட்டுக்கு 10 ஆம்பியர் என்று ஒதுக்கலாம். மொத்தம் 29 ஆம்பியர். ஆறு வழி, அதாவது ஆறு ஃபியூஸ் இடங்கள் உள்ள, ஃபியூஸ் பாக்ஸ் ஒன்று இதற்குப் போதும். பிற்காலத்துக்கு இடம் வேண்டுமென்றால் எட்டு வழி வாங்குங்கள். விலை வித்தியாசம் பெரிதாக இருக்காது.

இரண்டு பொருள்களை இந்தக் கணக்கிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். ஒன்று காற்றுக் கம்ப்ரஸர். நல்ல கம்ப்ரஸர் 30 ஆம்பியரைச் சாதாரணமாக எடுக்கும். துணைப் பெட்டிகளில் பெரும்பாலானவை ஒரு வழிக்கு 30 ஆம்பியர் என்ற வரம்போடுதான் வருகின்றன. அந்த வரம்பின் விளிம்பிலேயே ஒரு கருவியை ஓட்டுவது சரியல்ல. அதற்கு பேட்டரியருகே தனியாக 40 ஆம்பியர் ஃபியூஸ் போட்டுத் தனிப் பாதை கொடுங்கள். இன்னொன்று வின்ச், சிக்கிக்கொண்ட வண்டியைக் கயிற்றால் இழுக்கும் மோட்டார். முழுச் சுமையில் 400 ஆம்பியரைத் தொடக்கூடிய கருவி அது. அதன் கேபிள், அதன் துண்டிப்பு ஸ்விட்ச் எல்லாமே தனி. இந்தக் கட்டுரையில் அதைத் தொடவில்லை.

அடுத்த கேள்வி: எது இன்ஜின் அணைந்த பிறகும் ஓட வேண்டும்? ஃபிரிட்ஜ் மட்டும்தான் என்பது என் பதில். மற்ற எல்லாம் சாவி திருப்பினால்தான் வர வேண்டும்; இல்லையென்றால் ஒருநாள் விளக்கை அணைக்க மறந்து, காலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டியோடு நிற்க நேரிடும்.

ஃபிரிட்ஜையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியைத்தான் செலவழிக்கலாம். அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் லெட்-ஆசிட் பேட்டரியின் ஆயுள் வேகமாகக் குறையும். ஆக, கையில் இருப்பது 30. ஃபிரிட்ஜ் விட்டுவிட்டு ஓடுவதால் சராசரியாக 2 ஆம்பியர் என்று வைத்தால், பத்து மணி நேர இரவுக்கு 20 ஆம்பியர்-மணி போய்விடும். புதிய பேட்டரியில் ஓரிரவு தாங்கும். சென்னை வெயிலில் இரண்டு கோடைகளைக் கடந்த பேட்டரியில் அதே நம்பிக்கை வைக்க முடியாது. தொடர்ந்து இரண்டு இரவுகள் ஒரே இடத்தில் முகாமிடுபவர்கள் இரண்டாவது பேட்டரியைப் பற்றி யோசிக்கலாம். அப்படி யோசித்தால், பழைய முறையில் வோல்ட்டேஜ் பார்த்து இரண்டு பேட்டரிகளையும் இணைக்கும் ரிலே (சிறு மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) வேண்டாம்; வரும் வோல்ட்டேஜ் குறைந்தாலும் அதை உயர்த்தி பேட்டரியை நிரப்பும் டிசி-டிசி சார்ஜர் வையுங்கள். இன்றைய பல பிஎஸ்-6 வண்டிகளில், இன்ஜின் ஓடும்போது பேட்டரியை நிரப்பும் ஆல்டர்னேட்டர், எரிபொருளை மிச்சப்படுத்தத் தன் வோல்ட்டேஜை அவ்வப்போது இறக்கிக்கொள்கிறது. அந்த நேரத்தில் ரிலே துண்டித்துவிடும், இரண்டாவது பேட்டரி நிறையாது.

ஒயரின் தடிமன்: இங்கே அவசரப்படாதீர்கள்

ஃபியூஸ் கருவியைக் காப்பாற்றுவதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது காப்பது ஒயரை. ஃபியூஸின் அளவு ஒயரின் தாங்கும் திறனைவிடக் குறைவாக இருக்க வேண்டும். அப்போதுதான் ஒயர் சூடேறும் முன் ஃபியூஸ் போகும். இதை மனத்தில் பதித்துக்கொண்டால் மற்ற முடிவுகள் தாமாக வரும்.

பானட்டுக்குள் இருக்கும் சூட்டையும் கணக்கில் வைத்து நான் பின்பற்றும் அளவுகள் இவை: 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயருக்கு அதிகபட்சம் 10 ஆம்பியர் ஃபியூஸ், 2.5-க்கு 20, 4-க்கு 30, 6-க்கு 40, 10-க்கு 60, 16-க்கு 80. இவை கொஞ்சம் தாராளமான பாதுகாப்போடு வைத்த எண்கள். இதைவிட அதிகம் தாங்கும் என்று ஒயர் கம்பெனி சொன்னாலும் நான் ஏற்றமாட்டேன். அதுபோலவே, தொடர்ந்து ஓடும் கருவிக்கு அதன் ஆம்பியர் ஃபியூஸ் அளவில் முக்கால் பங்கைத் தாண்டக் கூடாது. 7 ஆம்பியர் விளக்குக்கு 7.5 ஃபியூஸ் போட்டால் மே மாத மதியத்தில் காரணமே இல்லாமல் போய்விடும். 10 அல்லது 15 போடுங்கள்.

தடிமனுக்கு இரண்டாவது காரணம் தூரம். ஒயர் நீள நீள வோல்ட்டேஜ் இழக்கிறது. கணக்கு இதுதான்: போகவும் வரவுமான மொத்த நீளத்தை மீட்டரில் எடுத்து, 0.0175-ஆல் பெருக்கி, ஆம்பியரால் பெருக்கி, ஒயரின் சதுர மில்லிமீட்டரால் வகுத்தால் இழக்கும் வோல்ட் கிடைக்கும். தார் நான்கு மீட்டருக்கும் சற்றுக் குறைவான நீளம். ஆனால் ஒயர் வளைந்து நெளிந்து பின்பக்கம் போய்ச் சேர ஐந்து மீட்டராகிவிடும், இருவழிக்கும் பத்து. 5 ஆம்பியர் ஃபிரிட்ஜுக்கு 1.5 ஒயர் போட்டால் இழப்பு 0.58 வோல்ட். பேட்டரியில் 12.4 இருந்தாலும் ஃபிரிட்ஜுக்குத் தெரிவது 11.8-தான். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்து அது தன்னை அணைத்துக்கொள்ளும். நீங்கள் ஃபிரிட்ஜைக் குறை சொல்வீர்கள். அதே இடத்தில் 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.22 வோல்ட். ஃபியூஸுக்காக மட்டும் பார்த்தால் 1.5 போதும் என்று தோன்றும். தூரத்தைச் சேர்த்துப் பார்த்தால்தான் 4 தேவை என்பது தெரியும். பின்பக்கம் போகும் எந்த ஒயருக்கும் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுவிடுங்கள்.

மெயின் கேபிளுக்கு 16 சதுர மில்லிமீட்டரும் 60 ஆம்பியர் மெயின் ஃபியூஸும் என்பது என் தேர்வு. 29 ஆம்பியருக்கு 10 சதுர மில்லிமீட்டரே போதும். ஆனால் பின்னால் ஏதாவது சேர்ப்பீர்கள். அப்போது மெயின் கேபிளை உருவி மாற்றுவது பெரிய வேலை.

சாமான் வாங்குதல்

சென்னையில் இருப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் பெரிய வசதி உண்டு. புதுப்பேட்டை, ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, ரிச்சி தெரு மூன்றும் அண்ணா சாலையை ஒட்டி அருகருகே இருக்கின்றன. ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்கலாம்.

ரிச்சி தெருவில் மல்டிமீட்டர், ஒயர் முனையில் கனெக்டரை நசுக்கிப் பிடிக்கவைக்கும் கிரிம்பிங் கருவி, சூடாக்கினால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், கேபிள் டை, தண்ணீர் புகாத கனெக்டர்கள் வாங்குங்கள். மல்டிமீட்டர் 10 ஆம்பியர் வரை டிசி கரண்ட் அளக்கக்கூடியதாக இருக்கட்டும். கிளாம்ப் மீட்டர் வாங்குவதானால் டிசி அளக்குமா என்று கேட்டுவிடுங்கள். மலிவானவை பெரும்பாலும் ஏசி மட்டுமே அளக்கும்.

புதுப்பேட்டையில் ரிலேக்களும் அவற்றின் பேஸும் வாங்கலாம். கழித்த கார்களிலிருந்து எடுத்த கம்பெனி ஃபியூஸ் ஹோல்டர்களும் கனெக்டர்களும்கூட அங்கே கிடைக்கும், தரத்தில் நல்லவை. ஆனால் பழைய ஒயர் மட்டும் வேண்டாம். வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே செம்பு கறுத்துப்போயிருக்கும்.

ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் விளக்கோடு சேர்த்து விற்கப்படும் ரெடிமேட் ஒயரிங் கிட்டை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். பல கிட்களில் ஒயரின் மேலுறை தடிமனாக இருக்கும், உள்ளே செம்பு நூல்போல இருக்கும். விளக்கை வாங்குங்கள், ஒயரிங்கை நீங்களே செய்யுங்கள்.

ஒயர் வாங்கும்போது இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். முதலாவது, ஆட்டோமொபைல் ஒயர்தானா என்பது. வீட்டு ஒயரிங்குக்கு விற்கும் பிவிசி ஒயர் பொதுவாக 70 டிகிரி வெப்பத்துக்குச் செய்யப்பட்டது. இன்ஜினுக்கு அருகே அது போதாது; 105 டிகிரி தாங்கும் மெல்லிய இழைகள் கொண்ட ஒயர் கேளுங்கள். இரண்டாவது, முழுச் செம்பா என்பது. கார் ஆடியோ கேபிள்கள் பலவற்றில் அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசியிருக்கிறார்கள். ஓர் இழையை எடுத்துக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம், வைத்துவிட்டு வாருங்கள். ஈயமுலாம் பூசிய செம்பு வெளியே வெள்ளையாகவும் சுரண்டினால் உள்ளே செம்பாகவும் இருக்கும். கடற்கரை ஊருக்கு அதைவிடச் சிறந்த ஒயர் இல்லை. கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்து வாங்குங்கள்.

ஃபியூஸ் பாக்ஸ் வாங்கும்போது மூடி இருக்கிறதா, நெகட்டிவ் பட்டையும் அதே பெட்டியில் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். ஒயர்களைத் திருகு போட்டு முறுக்கும் அமைப்பு, செருகும் அமைப்பைவிட அதிர்வைத் தாங்கும்.

எங்கே பொருத்துவது

பெரும்பாலோர் பானட்டுக்குள் பேட்டரிக்கு அருகிலேயே பெட்டியை வைக்கிறார்கள். கேபிள் குறைவு, வேலை சுலபம். ஆனால் சென்னையில் ஓடும் வண்டிக்கு நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். கடற்காற்றில் உப்பு இருக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைநீர் தேங்கிய சாலைகளில் வண்டி ஓட வேண்டியிருக்கிறது. வாட்டர் சர்வீஸ் செய்யும் இடத்தில் பானட்டைத் திறந்து அழுத்தமான தண்ணீரைப் பாய்ச்சுகிறார்கள். மூன்றும் சேர்ந்தால் ஃபியூஸ் கால்களில் பச்சைக் களிம்பு பிடிக்க அதிக காலம் ஆகாது.

பெட்டி வண்டிக்குள்ளே இருக்கட்டும். பானட்டுக்குள் மெயின் ஃபியூஸும் கம்ப்ரஸர் ஃபியூஸும் மட்டும் போதும். உள்ளே எங்கே? இருக்கைக்கு அடியில் என்று உடனே தோன்றும். வேண்டாம். 650 மில்லிமீட்டர் நீரில் இறங்கலாம் என்று தாருக்குக் கம்பெனி அளவு கொடுத்திருக்கிறது. ஆனால் அந்த ஆழத்தில் கதவு ரப்பர் வழியாகத் தரைக்குள் தண்ணீர் கசியலாம். கூரையைக் கழற்றி ஓட்டுபவர்களுக்கு மழையே நேராக உள்ளே வரும். டேஷ்போர்டின் கையுறைப் பெட்டிக்குப் பின்னால் அல்லது பின்சக்கர வளைவுக்கு மேல் பக்கவாட்டில் வையுங்கள். ஓட்டை போடுமுன் மறுபக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். மஞ்சள் உறை போட்ட ஒயர்கள் ஏர்பேக்குடையவை. அவற்றின் அருகே போகவே வேண்டாம்.

மெயின் கேபிள்

வேலை தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். எப்போதும் நெகட்டிவ் முதலில் கழலும், கடைசியில் மாட்டப்படும். பாசிட்டிவில் ஸ்பேனர் வைத்திருக்கும்போது அதன் மறுமுனை பாடியில் பட்டாலும் நெகட்டிவ் கழன்றிருந்தால் பொறி வராது. மோதிரத்தையும் வாட்சையும் கழற்றிவிடுங்கள்.

மெயின் ஃபியூஸ் பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடைப்பட்ட அந்தத் துண்டுக் கேபிளுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. அது உரசி பாடியில் பட்டால் தடுக்க ஒன்றுமில்லை. ஆகவே அது குட்டையாக இருக்க வேண்டும். தடித்த நெளிகுழாய்க்குள் போக வேண்டும். ஆடாமல் கட்டப்பட்டிருக்க வேண்டும். போல்ட் போட்டு முறுக்கும் மிடி வகை ஃபியூஸே இதற்குப் பொருத்தம். கண்ணாடிக் குழாய் ஃபியூஸ் ஹோல்டர்கள் அதிர்வில் தளர்ந்து சூடேறும்.

கேபிளின் இரு முனைகளிலும் ஈயமுலாம் பூசிய செம்பு லக் (போல்ட்டில் மாட்டும் வளைய முனை). இதைச் சுத்தியலால் தட்டியோ பிளையரால் நசுக்கியோ செய்யாதீர்கள். ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவி இல்லையென்றால் கேபிளை அளந்து வெட்டிக்கொண்டு, இன்வர்ட்டர் பேட்டரி விற்கும் கடைக்குப் போங்கள். பல கடைகளில் லக் அடித்துத் தருவார்கள். சால்டரிங் செய்வதை நான் தவிர்க்கிறேன். ஈயம் இழைகளுக்குள் ஏறி ஒயரை விறைப்பாக்கிவிடும். கரடுமுரடான பாதையில் அதிரும்போது விறைப்பு முடியும் இடத்தில் இழைகள் ஒவ்வொன்றாக ஒடியும். நல்ல கிரிம்ப், அதன் மேல் பசையுள்ள ஸ்லீவ். அது போதும்.

இன்ஜின் அறையிலிருந்து வண்டிக்குள் போக, இரண்டுக்கும் நடுவிலுள்ள தடுப்புத் தகடான ஃபயர்வாலில், கம்பெனி ஒயர்கள் செல்லும் ரப்பர் வளையம் (குரோமெட்) ஏற்கனவே இருக்கும். அதன் ஓரத்தில் சிறு துளையிட்டுக் கேபிளை நுழைத்து, சிலிக்கோன் வைத்து அடைத்துவிடுங்கள். வெறும் இரும்புத் துளை வழியாக ஒயர் போகவே கூடாது. உள்ளே நுழையும் முன் கேபிளை ஒருமுறை கீழ்நோக்கித் தொங்கவிட்டு மேலேற்றுங்கள். வழிந்து வரும் மழைநீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். டர்போ, எக்ஸாஸ்ட் குழாய் ஆகியவற்றிலிருந்து விலகிப் போகட்டும்.

மெயின் ஃபியூஸை இப்போது மாட்ட வேண்டாம். அது கடைசி வேலை.

எர்த்

வண்டி எலெக்ட்ரிக்கல் கோளாறுகளில் கணிசமானவை எர்த் கோளாறுகள். விளக்கு மங்கலாக எரிவது, ஒன்றைப் போட்டால் இன்னொன்று மினுக்குவது, யுஎஸ்பி சார்ஜர் விட்டுவிட்டு வேலை செய்வது எல்லாம் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகின்றன. ஒவ்வொரு கருவியின் நெகட்டிவையும் பக்கத்தில் கிடைத்த ஏதோவொரு திருகில் முறுக்குவதே காரணம். எல்லா நெகட்டிவ் ஒயர்களையும் பெட்டியின் நெகட்டிவ் பட்டைக்குக் கொண்டுவாருங்கள். அங்கிருந்து மெயின் கேபிளின் அதே தடிமனில் ஒரே ஒரு எர்த் கேபிள்.

அந்தக் கேபிளை எங்கே முடிப்பது என்பது முக்கியம். இன்றைய வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலேயே சிறு கருப்புப் பெட்டியாக ஒரு சென்சார் இருக்கும். உள்ளே போகும், வெளியே வரும் மின்சாரத்தை எண்ணிக்கொண்டிருப்பது அதன் வேலை. உங்கள் எர்த்தை நேராக பேட்டரி முனையில் மாட்டினால், உங்கள் கருவிகள் எடுக்கும் மின்சாரம் சென்சாரைத் தாண்டிப் போய்விடும். பேட்டரி நிறைந்திருக்கிறது என்று வண்டி தப்பாகக் கணக்கிட்டு சார்ஜைக் குறைத்துக்கொள்ளும். சென்சார் இருக்கும் வண்டியில் எர்த், சென்சாருக்கு அப்பால் பாடியில் போல்ட் போட்ட இடத்தில்தான் முடிய வேண்டும். சென்சார் இல்லாத பழைய ஜிப்ஸி போன்ற வண்டியில் நேராக நெகட்டிவ் முனைக்கே கொண்டுபோகலாம்.

பாடியில் மாட்டும் இடத்தில் பெயின்ட்டை வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டுங்கள். லக்கை வைத்து, பல் வாஷர் போட்டு இறுக்குங்கள். அதன்பின் அந்த இடம் முழுக்க வாசலினோ கிரீஸோ தடவுங்கள். சுரண்டி மாட்டிவிட்டு மூடாமல் விட்டால் மழைக்காலம் முடிவதற்குள் துரு பிடித்துவிடும்.

ஸ்விட்சும் ரிலேயும்

முழுப் பெட்டியையும் சாவியோடு இயங்கவைக்க 100 ஆம்பியர் ரிலே போடும் முறை ஒன்று உண்டு. அதைச் செய்பவர்கள் தொடர்ந்து இயங்கும் வகையையே வாங்க வேண்டும். உருவத்தில் ஒன்றுபோல் இருக்கும் ஸ்டார்ட்டர் சாலினாய்டு சில நொடிகளுக்கு மட்டுமே செய்யப்பட்டது. தொடர்ந்து ஓடினால் கருகிவிடும்.

எனக்குப் பிடித்த முறை வேறு. பெட்டிக்கு எப்போதும் மின்சாரம் இருக்கட்டும். விளக்கு, கம்ப்ரஸர், யுஎஸ்பி ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு ரிலே. அந்த ரிலேக்களை இயக்கும் ஸ்விட்சுகளுக்குப் போகும் மின்சாரத்தை மட்டும் சாவியிலிருந்து எடுங்கள். சாவியை எடுத்தால் ஸ்விட்சுகள் செத்துவிடும், ரிலேக்கள் விழுந்துவிடும். ஃபிரிட்ஜ் மட்டும் ரிலே இல்லாமல் நேராக ஓடும். ஸ்விட்சுக்குச் செல்வது ரிலே காயிலுக்கான கால் ஆம்பியருக்கும் குறைவான மின்சாரம்தான். ஆகவே ஸ்விட்சுகளுக்குத் தடித்த ஒயர் ஒன்றுகூடப் போகாது.

ரிலேயின் எண்கள் எல்லாக் கம்பெனிக்கும் பொது. 30-இல் பெட்டியிலிருந்து (கம்ப்ரஸருக்கு அதன் தனி ஃபியூஸிலிருந்து) வரும் மின்சாரம். 87-இலிருந்து கருவிக்கு. 86-க்கு ஸ்விட்சிலிருந்து வரும் ஒயர், 85 எர்த்துக்கு. உள்ளே டயோடு இருக்கும் ரிலே என்றால் 85, 86 இரண்டையும் மாற்றிக் கொடுக்கக் கூடாது. மேல்மூடியில் உள்ள படத்தைப் பாருங்கள். ஐந்தாவது கால் 87ஏ இருந்தால் அதை விட்டுவிடலாம்.

சாவியோடு வரும் மின்சாரத்துக்குக் கம்பெனி ஃபியூஸ் பெட்டியில் ஃபியூஸ் டேப் (ஒரு ஃபியூஸ் இடத்திலிருந்து கூடுதலாக ஒரு ஒயர் எடுக்க உதவும் செருகி) செருகினால் போதும். எதையும் வெட்ட வேண்டாம். சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் ஃபியூஸ் இடம் பாதுகாப்பானது. ஏர்பேக், ஏபிஎஸ், இன்ஜின் கம்ப்யூட்டர் ஃபியூஸ்களிலிருந்து எடுக்கவே எடுக்காதீர்கள். டேப்பில் 3 அல்லது 5 ஆம்பியர் ஃபியூஸ் போதும்.

விளக்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது; 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதைக் கடுமையாகவே வலியுறுத்தியது. கூடுதல் விளக்குகளைப் பொதுச் சாலையில் எரியவிடாதீர்கள், மூடி போட்டு வையுங்கள். எதிரே வரும் இரு சக்கர வண்டிக்காரரின் கண்ணுக்கு அந்த வெளிச்சம் என்ன செய்யும் என்பதை நினைத்தாலே போதும்.

மாட்டுவதற்கு முன் சோதனை

எல்லா ஒயரும் போட்டாகிவிட்டது. மெயின் ஃபியூஸ் இன்னும் இல்லை, பெட்டியிலும் ஃபியூஸ்கள் இல்லை. மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்துப் பெட்டியின் பாசிட்டிவுக்கும் நெகட்டிவ் பட்டைக்கும் இடையே பாருங்கள். இணைப்பே இல்லை என்று காட்ட வேண்டும். பூஜ்ஜியத்தை ஒட்டிக் காட்டினால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் மேலே போகாதீர்கள்.

பேட்டரியின் நெகட்டிவை மாட்டுங்கள். மெயின் ஃபியூஸின் இரு போல்ட்டுகளுக்கும் இடையே, ஃபியூஸுக்குப் பதிலாக, 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை இரு ஒயரோடு மாட்டுங்கள். பல்பு எரியாமல் இருந்தால் பாதை சுத்தம். முழு வெளிச்சத்தில் எரிந்தால் ஷார்ட். பல்பு வழியாக இரண்டு ஆம்பியருக்கு மேல் போகாது என்பதால் எதுவும் கருகாது, நிதானமாகத் தேடலாம். பாதை சுத்தமென்றால் பல்பைக் கழற்றி மெயின் ஃபியூஸை மாட்டிவிட்டு, இப்படி ஒவ்வொரு வழியின் ஃபியூஸ் இடத்திலும் பல்பை மாட்டிப் பாருங்கள். எலெக்ட்ரீஷியன்கள் பலர் தவிர்க்கும் இந்தப் பத்து நிமிட வேலை, பெட்டி நிறைய ஃபியூஸ்களை மிச்சப்படுத்தும்.

பிறகு பெட்டியின் ஃபியூஸ்கள். பெட்டியில் செருகும் இந்த பிளேடு ஃபியூஸ்களின் நிறங்கள் எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான்: 5 இளம்பழுப்பு, 7.5 பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 25 நிறமற்றது, 30 பச்சை. ஒவ்வொன்றாகச் செருகி ஒவ்வொரு கருவியையும் தனியாக ஓட்டிப் பாருங்கள்.

அடுத்தது சுமையோடு அளத்தல். இன்ஜினை ஓடவிட்டு எல்லாவற்றையும் போடுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையைப் பெட்டியின் பாசிட்டிவிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவில் ஏதோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது. நெகட்டிவ் பட்டைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.1-ஐ ஒட்டி இருக்க வேண்டும். கூடினால் பாடியில் சுரண்டிய இடத்துக்குத் திரும்பிப் போங்கள். இருபது நிமிடம் ஓடவிட்டு ஒவ்வொரு இணைப்பின் அருகிலும் கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. சுடுகிறது என்றால் அந்த லக்கை வெட்டிவிட்டுப் புதிதாக அடியுங்கள்.

கடைசியாக, எல்லாவற்றையும் அணைத்து, சாவியை எடுத்து, ஃபிரிட்ஜின் பிளக்கைக் கழற்றி, வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் விட்டபின் உறங்கும் நிலையில் எவ்வளவு கரண்ட் போகிறது என்று நெகட்டிவில் அளவெடுங்கள். 50 மில்லியாம்பியருக்குக் கீழே இருக்க வேண்டும். அந்த அளவிலேயே ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி போகிறது. வாரக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு அதுவே கவலைப்பட வேண்டிய அளவு. யுஎஸ்பி சார்ஜரின் சிறு நீல விளக்குகூட இந்தக் கணக்கில் ஏறும் என்பதால்தான் அதையும் ரிலேயில் வைக்கச் சொன்னேன்.

பிறகு பார்த்துக்கொள்ள வேண்டியவை

முதல் கரடுமுரடான பயணம் முடிந்து வந்ததும் எல்லா போல்ட்டுகளையும் ஒருமுறை இறுக்குங்கள். செம்பு லக்குகள் புதிதில் கொஞ்சம் அமுங்கும். முதல் இறுக்கம் தளரும்.

ஆண்டுதோறும் செப்டம்பரில், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், பெட்டியின் மூடியைத் திறந்து ஒவ்வொரு ஃபியூஸையும் உருவிக் கால்களைப் பாருங்கள். பச்சையோ கறுப்போ தெரிந்தால் துடைத்து, மெல்லியதாக டைஎலெக்ட்ரிக் கிரீஸ் (மின்சாரம் கடத்தாத கிரீஸ்) தடவிச் செருகுங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் காத்திருக்காமல் அன்றே நெகட்டிவைக் கழற்றி, பெட்டியைத் திறந்து உலரவிடுங்கள். தேங்கிய தெருநீரில் சாக்கடையும் கலந்திருக்கும்; அது காய்ந்து படியும் அழுக்கு ஈரம் பட்டதும் மின்சாரத்தைக் கடத்தும்.

ஒரு ஃபியூஸ் இரண்டாம் முறையும் போனால் அதைவிடப் பெரியதைச் செருகிச் சமாளிக்காதீர்கள்; அந்த ஒயர் எங்கோ உரசிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு ஒயரின் இரு முனைகளிலும் எந்தக் கருவி என்று எழுதிய சிறு ஸ்லீவ் மாட்டுங்கள். வழி எண், கருவி, ஃபியூஸ் அளவு, ஒயரின் தடிமன், ரிலே இருக்கும் இடம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, லேமினேட் செய்து மூடியின் உட்புறத்தில் ஒட்டுங்கள். அதன் பின்னால் ஒவ்வோர் அளவிலும் இரண்டு ஃபியூஸும், ஒரு ரிலேயும், ஒரு 60 ஆம்பியர் மிடி ஃபியூஸும் ஒரு சிறு உறையில் இருக்கட்டும். பிளேடு ஃபியூஸ் வழியிலுள்ள எந்த ஊரிலும் கிடைக்கும். மிடி ஃபியூஸ் அப்படிக் கிடைக்காது.